புகை யார் கணக்கில்? நுகர்பொருள் கம்பெனிகளும் நம் கழனிகளும்

(களமருதூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



சூழல் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, கேட்க வருபவர்கள் யார் என்று விசாரித்தேன். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் உளுந்தும் போடுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்றார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், நூடுல்ஸ், பால் பவுடர், குளிர்பானம், ஷூ என நாம் அன்றாடம் வாங்கும் பொருள்களைச் செய்யும் கம்பெனிகளின் பசுங்குடில் வாயுக்களைப் பற்றிய பேச்சு இது; பூமியைச் சூடாக்கும் அந்த வாயுக்களைத்தான் சுருக்கமாகப் புகை என்கிறேன். மும்பையிலோ லண்டனிலோ பேச வேண்டிய விஷயமாக இது தோன்றலாம். களமருதூரில்தான் இதை முதலில் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நுகர்பொருள் கம்பெனியின் புகையில் மிகப் பெரும்பகுதி அதன் சொந்தப் புகைபோக்கியிலிருந்து வருவதில்லை. மூலப்பொருள் விளையும் நிலத்திலும், பண்டத்தை ஒப்பந்தத்துக்குச் செய்துகொடுக்கும் ஆலையிலும், விற்கும் கடையிலும், புழங்கும் வீட்டிலும் அது கிளம்புகிறது. அந்த நிலமும் கடையும் வீடும் நம்முடையவை. ஆனால் எதை வாங்குவது, என்ன விலை கொடுப்பது, எந்த உறையில் அடைப்பது, எந்தக் குளிர்பெட்டியைக் கடையில் வைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் கம்பெனிக்காரர். ஆகவே, புகையைக் குறைக்கும் வேலை நம் கையால் நடந்தாலும் அதற்கான செலவு முடிவெடுப்பவரின் கணக்கில்தான் ஏற வேண்டும். அதுவும் நன்கொடையாகவோ பரிசாகவோ அல்ல. வாங்கும் விலையிலேயே சேர்ந்து வர வேண்டும். இந்த ஒரு கருத்தைத்தான் ஏழு குறிப்புகளில் விரித்துச் சொல்லப் போகிறேன்.

1. மூன்று ஏடுகள்

கம்பெனிகள் தங்கள் புகையைக் கணக்கிட உலகம் முழுதும் பின்பற்றும் முறை 2001-இல் வெளிவந்தது. உலக வள நிறுவனமும் நிலைத்த வளர்ச்சிக்கான உலக வணிகக் குழுவும் சேர்ந்து வகுத்த முறை அது. அதன்படி புகையை மூன்று ஏடுகளில் எழுத வேண்டும். கம்பெனி தானே எரிக்கும் நிலக்கரி, டீசல், எரிவாயு ஆகியவற்றின் புகை முதல் ஏட்டில் வரும். இதை ஸ்கோப் ஒன்று என்கிறார்கள். வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ அனல்மின் நிலையத்தில் எழும் புகை ஸ்கோப் இரண்டு. மீதி எல்லாம் ஸ்கோப் மூன்று. இந்த மூன்றாம் ஏட்டை எப்படி எழுதுவது என்பதற்கு 2011-இல் தனி விதிமுறை வந்தது. வாங்கும் மூலப்பொருளில் தொடங்கி, லாரிப் போக்குவரத்து, பண்டத்தின் பயன்பாடு, கடைசியில் குப்பையாவது வரை அதில் 15 தலைப்புகள் உண்டு.

ஒரு கம்பெனியின் புகை இன்னொன்றின் ஏட்டிலும் வரும். ஷூ செய்யும் ஆலைக்கு அது முதல் இரண்டு ஏடுகளில் வரும். அந்த ஷூவில் தன் பெயரைப் பொறித்து விற்கும் கம்பெனிக்கு மூன்றாம் ஏட்டில் வரும். இதைப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே புகைக்கு இருவர் பொறுப்பாளிகள் என்று இந்த முறை வேண்டுமென்றேதான் வகுத்திருக்கிறது.

நெஸ்லேயின் கணக்கைப் பார்ப்போம். 2018-ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து அந்தக் கம்பெனியே வெளியிட்டது இது. குறைக்கப்போவதாக அது ஏற்றுக்கொண்ட வெளியீடு 9.2 கோடி டன். அதில் தன் ஆலைகளில் பண்டம் செய்யும்போது வருவது சுமார் 70 லட்சம் டன். பால், காப்பி, கோகோ, தானியம் என்று மூலப்பொருள் விளைவிப்பதில் வருவது 6.5 கோடி டன்னுக்கு மேல். பத்தில் ஏழு பங்கு விவசாயியின் நிலத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் இருக்கிறது.

நம் நாட்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் ஒவ்வோர் ஆண்டும் சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த அறிக்கையில் முதல் இரண்டு ஏடுகளுக்கு மட்டுமே கட்டாயம். மூன்றாவதை விருப்பமிருந்தால் எழுதலாம். மேலே இருக்கும் 250 கம்பெனிகள் தங்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களின் விவரங்களையும் தர வேண்டும் என்று 2023-இல் செபி சொன்னது. பிறகு அதைத் தள்ளிவைத்து, விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சந்தையில் பட்டியலிடாத கம்பெனிகளுக்கோ இந்த அறிக்கையே கட்டாயமில்லை. பத்தில் ஏழு பங்கு எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் சட்டம் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

2. கழனியும் கொல்லையும்

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் தழைச்சத்து 46 சதவீதம்; அதாவது சுமார் 20.7 கிலோ. கரும்புக் கொல்லையில் இதைப் போட்டால் முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரு பங்கை நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவாக மாற்றி மேலே அனுப்பிவிடுகின்றன. உலகக் கணக்கு முறையில், போட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு இப்படிப் போவதாக வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டால் மூட்டைக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல், முந்நூறு கிராம் அளவில் வருகிறது. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 90 கிலோ. யூரியா மண்ணில் கரையும்போது நேரடியாக வெளிவிடும் கரியமில வாயு இன்னும் 33 கிலோ. வீட்டில் மூன்று கேஸ் சிலிண்டரை முழுதாக எரித்தால் வரும் வாயுவும் ஏறத்தாழ இதே அளவுதான். யூரியாவைத் தயாரிக்க இயற்கை எரிவாயு எரித்ததை நான் இதில் சேர்க்கவேயில்லை.

நம் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஆலையின் கொதிகலனில் எரிவது கரும்புச் சக்கை. அதிலிருந்து வரும் கரியமில வாயு, கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததே என்பதால் அதைத் தனியாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். எனவே ஒரு மூட்டைச் சர்க்கரையின் புகைக் கணக்கு பெரும்பாலும் ஆலைக்குள் இல்லை. கொல்லைக்குப் போட்ட யூரியாவிலும், டிராக்டருக்கு ஊற்றிய டீசலிலும், வெட்டி முடித்தபின் கொளுத்தும் சோகையிலும் இருக்கிறது. ஏக்கருக்குச் சுமார் நான்கு டன் சோகை விழுகிறது. கொளுத்தினால் கரியும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் வரும். மூடாக்காக விட்டால் ஈரம் காக்கும், களை குறையும். இது தெரியாமல் யாரும் கொளுத்துவதில்லை. சோகையை ஒதுக்கிப் பார் விட்டுப் பார் பரப்ப ஆள் வேண்டும். மறுதாம்புக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாள் நெருங்கிவிடும். ஒரு தீக்குச்சியில் முடிகிற வேலைக்கு நாலு ஆள் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூலி கரும்பு விலைக்குள் இல்லை. சர்க்கரை வாங்கிப் பிஸ்கட்டும் மிட்டாயும் குளிர்பானமும் செய்பவர் கொடுக்கும் விலையிலும் இல்லை.

அடுத்தது நெல். தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் தாள், வேர் இவற்றிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயு நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடுகிறது. தென்னாசியாவுக்கான பொதுக் கணக்கு எக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். நடவு முதல் அறுப்பு வரை 112 நாள் என்று கொண்டால் ஏக்கருக்கு 38 கிலோ. இப்படி வரும் மீத்தேன் ஒரு கிலோவுக்கு 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பெருக்கிப் பாருங்கள், ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு ஒரு டன்.

இதைக் குறைக்கும் வழியும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வேளாண் துறையினர் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயில் துளை போட்டு, பாதியை வயலில் புதைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். தரைமட்டத்திலிருந்து அரையடி கீழே தண்ணீர் இறங்கியபின் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஒருமுறை காயவிட்டாலே மீத்தேன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும்; பலமுறை காயவிட்டால் பாதி அளவுக்குக் குறையும். விளைச்சல் பெரிதாகப் பாதிக்காது.

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? உழவருக்கு அக்கறை இல்லை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும்போது போர் மோட்டாரைப் போடப் போனதில்லை. மின்சாரம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாதபோது, வந்த நேரத்தில் வயலை நிரப்பி வைப்பதுதான் புத்திசாலித்தனம். 1990 முதல் விவசாய மின்சாரம் நமக்கு இலவசம். அந்த உரிமையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அதனால் தண்ணீரைச் சேமித்தால் உழவருக்குக் காசாக எதுவும் மிச்சமாவதில்லை என்பதும் உண்மை. அதற்கு மேல், தண்ணீர் வற்றினால் களை முளைக்கும். களையெடுக்க ஆள் வேண்டும். குறைப்பதால் வரும் நன்மை உலகத்துக்கு, செலவு கழனிக்காரருக்கு.

3. கடையில் நிற்கும் குளிர்பெட்டி

ஊருக்குள் நுழையும்போது ஒரு கடையில் நின்றேன். கடையின் பாதியை அடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி நிற்கிறது. உடம்பெல்லாம் ஒரு குளிர்பானத்தின் நிறமும் பெயரும். இப்படிப்பட்ட பெட்டிகளைக் கம்பெனி கொடுக்கிறது; கரண்டு பில் பெரும்பாலும் கடைக்காரர் தலையில். பகல் முழுதும் வாடிக்கையாளர்கள் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

நாளுக்கு நான்கு யூனிட் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு டன். இப்போதுதான் ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் இதே அளவு சொன்னேன். ஓர் ஏக்கர் கழனி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதே அளவு புகையில் இந்தப் பெட்டி சர்க்கரைத் தண்ணீரைக் குளிரவைக்கிறது. உழவரைப் பார்த்து நெல்லைக் குறைக்கச் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

மின்சாரம் ஒரு பகுதிதான். பெட்டிக்குள் சுற்றும் குளிரூட்டி வாயு இன்னொன்று. பழைய பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற வாயு இருக்கும். ஒரு கிலோ கசிந்தால் 1,300 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் சமம். ஒரு பெட்டியில் இருநூறு கிராம் இருந்தாலும் அது பழுதாகி, கிராமத்து மெக்கானிக் கேஸைத் திறந்துவிட்டால் 260 கிலோ ஒரே நாளில் போய்விடும். இதற்கு மாற்று உண்டு. ஆர்-290 என்பது புரொப்பேன். நம் சமையல் எரிவாயுவிலும் இருப்பதுதான். அதன் வெப்பப் பாதிப்பு மிகமிகக் குறைவு. உலகின் பெரிய நுகர்பொருள் கம்பெனிகள் ஒன்றுகூடி, 2015 முதல் பழைய வகை வாயுக்களைக் கைவிடத் தொடங்குவோம் என்று 2010-இலேயே தீர்மானம் போட்டன. அந்த வாயுக்களை உலக நாடுகள் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி ஒப்பந்தம் வந்தது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. கடைக்காரருக்கு இந்த வாயுக்களில் எதையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. பெட்டியில் எந்த வாயு இருக்கிறது என்று பின்பக்கம் ஒட்டிய தகட்டில் எழுதியிருக்கும். அதைப் படித்துப் பட்டியல் எடுக்க நம் பள்ளி மாணவர்களால் முடியும்.

கடையில் தொங்கும் ஷாம்பு சாஷே சரங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்தச் சாஷே வியாபாரம் இந்தியாவில் வேர்விட்டது நம் பழைய தென்னார்க்காட்டில்தான். கடலூர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பு தொடங்கி அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கும் ஷாம்பு கிடைத்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சாஷே உறை சாக்கடையை அடைக்கிறது, மாடு தின்கிறது; அது தனிக் கொடுமை. ஆனால் பசுங்குடில் வாயுக் கணக்கில் உறையின் பங்கு சிறியது. கண்ணில் படும் குப்பையைக் காட்டி, பிளாஸ்டிக்கைக் குறைத்துவிட்டோம் என்று விளம்பரம் செய்யும்போது, கண்ணில் படாத வாயு கணக்கிலிருந்து நழுவிவிடக் கூடாது.

4. வெந்நீர்

இந்துஸ்தான் யுனிலீவரின் தாய்க் கம்பெனியான யுனிலீவர் 2010-இல் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. தன் பொருள்களின் பசுங்குடில் வாயுப் பாதிப்பை, வாங்குபவர் பயன்படுத்துவது உட்பட, பாதியாகக் குறைப்போம் என்றது. மொத்தப் பாதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாங்குபவர் வீட்டில் நேர்வது என்று அதன் கணக்கே சொன்னது. காரணம் வெந்நீர். சோப்பும் ஷாம்பும் போட்டுக் குளிக்க ஐரோப்பியரும் அமெரிக்கரும் நின்று நனையும் வெந்நீர்.

ஒரு வாளி, 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். கால் கிலோ கரியமில வாயு. ஷவரில் பத்து நிமிடம் நின்றால் அதைப்போலப் பல மடங்கு. களமருதூரில் வருடத்தின் பெரும்பகுதி தொட்டித் தண்ணீரில்தான் குளிக்கிறோம். மேலே கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் மார்கழி, தை மாதங்களில் விறகு வைத்து வெந்நீர் போடுவார்கள். சராசரி எடுக்கும்போது இவை எல்லாம் கலந்துவிடுகின்றன.

அந்தக் குறிக்கோளை எட்டுவது கடினம் என்று கம்பெனி உணர்ந்தது. தன் ஆலைகளில் நன்றாகவே குறைத்தது. இந்தியாவில் நிலக்கரியைக் கைவிட்டது. ஆனால் வாங்குபவரின் குளியலறைக்குள் போய் வெந்நீரைக் குறைக்க அதனால் முடியவில்லை. பின்னர் 2039-க்குள் நிகரச் சுழியம் என்ற புதிய குறிக்கோளை வைத்தபோது, மூலப்பொருள் முதல் கடைப் பலகை வரைதான் அதன் எல்லை. வீட்டில் எழும் புகை வெளியே நின்றுவிட்டது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தன் பிடிக்கு எட்டாததை ஒரு கம்பெனி வெளியே வைப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் எல்லையை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கம்பெனியிடமே இருக்கிறது. வெந்நீர் வெளியே போனால் எஞ்சுவதில் பெரும்பங்கு கழனியும் கொல்லையும்தான். இனி வரும் ஆண்டுகளில் அழுத்தமெல்லாம் அங்கேதான் இறங்கும். அதற்கு முன்பே நாம் நம் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

5. உளுந்தூர்பேட்டையில் ஒரு ஜோடி ஷூ

2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் காலணி ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். நைக்கி, அடிடாஸ் போன்ற பெயர்களுக்கு ஷூ செய்துகொடுக்கும் உலகின் மிகப் பெரிய ஒப்பந்தத் தயாரிப்பாளர் அந்தக் குழுமம். இந்த வேலைகளில் பெரும்பாலானவை பெண்களுக்குக் கிடைக்கும் என்பது நம் பகுதிக்குப் பெரிய செய்தி. அதை மனதார வரவேற்கிறேன்.

ஷூவைப் பற்றி 2013-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். சாதாரண ஓட்ட ஷூ ஜோடி ஒன்றுக்கு 14 கிலோ கரியமில வாயு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செய்யும் ஆலையில் வருகிறது. ஒரு ஷூவில் 65 பாகங்கள், 360 செயல்முறைகள். அச்சில் வார்ப்பது, சூடாக்குவது, ஒட்டுவது எல்லாம் மின்சாரத்தையும் நீராவியையும் தின்பவை. அப்போது பெரும்பாலான ஆலைகள் சீனாவின் நிலக்கரியில் ஓடின.

இங்கேதான் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் வளர்ந்திருக்கின்றன. ஓர் ஆலை அவற்றையே நம்பி ஓடினால் அந்த 14 கிலோவில் பெரும்பகுதியைக் குறைக்கலாம். ஆனால் யார் செலவில்? ஷூவில் பெயர் பொறிக்கும் கம்பெனி, நீ பசுமை மின்சாரத்துக்கு மாறினால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டு ஜோடியின் விலையை அப்படியே வைத்தால், ஆலை அந்தச் செலவை எங்கே ஏற்றும்? தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூலியில் ஏற்றும் அபாயம் உண்டு. ஒரே புகை இரண்டு ஏடுகளில் வருவதுபோல, அதைக் குறைக்கும் செலவும் பெயர் பொறிக்கும் கம்பெனியின் ஏட்டில் வர வேண்டும்.

வாங்குபவர் உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தூத்துக்குடியில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சலவைத் தூளுக்கு வேண்டிய சோடா சாம்பலைச் செய்ய உப்பும் அம்மோனியாவும் கரியமில வாயுவும் தேவை. அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அந்த வாயுவைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தை 2016-இல் பொருத்தியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கலாம் என்று திட்டம். பின்னர் அந்தச் சோடா சாம்பலைச் சலவைத் தூளுக்கு வாங்க யுனிலீவர் முன்வந்தது. நிலக்கரி எரிவது அங்கே நிற்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் குறைந்த புகையில் செய்த சரக்கு என்று தெரிந்து, அதற்காகவே ஒரு கம்பெனி வாங்கியது என்ற முன்னுதாரணம் முக்கியம். உளுந்தூர்பேட்டைக்கும் அதையே கேட்கலாம்.

6. மலையைக் கணக்கில் கழிக்க வேண்டாம்

கல்வராயன் மலைவாழ் மக்கள் கடுக்காயும் சீயக்காயும் நெல்லியும் தேனும் சேகரித்து விற்கிறார்கள். சாமையும் மரவள்ளியும் போடுகிறார்கள். ஒரு பிடி சீயக்காய்க்கு உள்ள புகைக் கணக்கு ஷாம்போடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. இந்த நாட்டில் தலைக்குச் சராசரியாக வருடத்துக்கு இரண்டு டன் அளவு கரியமில வாயு வருகிறது. உலகச் சராசரி நான்கரைக்கு மேல். மலையில் இருப்பவர்களின் பங்கு நம் சராசரியையும் எட்டாது.

தன் புகையைக் குறைக்காமல், வேறெங்கோ மரம் நட்டு நேர்செய்துவிட்டேன் என்று எழுதும் பழக்கம் உலகெங்கும் கம்பெனிகளிடம் இருக்கிறது. அப்படி ஒரு திட்டம் நாளை கல்வராயன் மலைக்கு வந்தால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையைக் கேட்காமல் ஓர் அடி நிலம்கூட அதற்குப் போகக் கூடாது. சாமைக் கொல்லையில் நட்ட மரத்தை வைத்து ஒரு கம்பெனி தன் குளிர்பெட்டியின் புகையைக் கழிப்பது நியாயமே இல்லை. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு எதுவும் தெரியவில்லை.

7. எவ்வளவு கேட்பது?

இந்தக் கணக்கை முடிக்காமல் போனால் இவ்வளவு பேசியதும் வெறும் குறையாகிவிடும். ஆகவே காசுக்கு வருகிறேன்.

காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யும் ஓர் ஏக்கரில் ஒரு போகத்துக்கு 300 முதல் 450 கிலோ வரை குறைகிறது என்று முன்பு போட்ட கணக்கிலிருந்து வருகிறது. கார்பன் சந்தையில் விற்கலாம் என்று சொல்லி வருபவர்கள் இருக்கிறார்கள். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் உழவருக்கு முந்நூறிலிருந்து நானூற்றைம்பது ரூபாய்தான். அதிலும் அளப்பவர், சரிபார்ப்பவர், இடைத்தரகர் எல்லாம் எடுத்துக்கொண்டால் கையில் நிற்பது ஒரு ஆள் அரைநாள் களையெடுக்கும் கூலிகூட இல்லை. எனவே டன் கணக்கில் புகையை விற்கும் வழி நமக்கு ஒத்துவராது என்பது என் முடிவு.

நெல்லின் விலையில் சேர்த்தால் படம் மாறுகிறது. ஏக்கருக்கு 22 குவிண்டால் விளைச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் காயவிட்டு விளைவித்த நெல் என்பதற்காகக் கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் ஏக்கருக்கு 2,200 ரூபாய். களையெடுக்கும் கூலி அதில் அடங்கும். குழாய் வாங்கும் காசும் அடங்கும். குழந்தை உணவு, அவல், அரிசி மாவு, இட்லி மாவு விற்பவர்கள் இந்த நெல்லின் அரிசியைத்தான் வாங்குகிறார்கள். ஒரு கிலோ நெல்லில் அறுநூற்றைம்பது கிராம் அரிசி வருமென்றால், கிலோ அரிசிக்கு ஒன்றரை ரூபாய்தான் கூடும். கரும்புக்கும் இதே முறைதான். சோகை கொளுத்தாத கொல்லைக்கு டன்னுக்கு இவ்வளவு என்று வெட்டு உத்தரவிலேயே எழுதி, சர்க்கரை வாங்குபவரிடமிருந்து ஆலை அதை வசூலிக்க வேண்டும்.

கடைக்காரர்கள் கேட்க வேண்டியது இன்னும் சுலபம். பெட்டியில் எந்த வாயு, வருடத்துக்கு எத்தனை யூனிட், பழுதானால் கேஸை யார் எடுத்துப் போவது என்று எழுதி வாங்குங்கள். உங்கள் கடையில் தன் பெயரைக் குளிரவைத்துக் காட்டும் கம்பெனி கரண்டு பில்லில் பாதியைக் கட்டட்டும். அரசிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. பகலில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கும் நேரத்திலேயே விவசாயத்துக்கு மும்முனை மின்சாரத்தை உறுதியாகக் கொடுத்தால், ராத்திரி வயலை நிரப்பி வைக்கும் கட்டாயம் போய்விடும். மூன்றாம் ஏட்டையும் கட்டாயமாக்கச் சொல்லி செபிக்கு எழுத, பங்கு வைத்திருக்க வேண்டியதில்லை. குடிமகனாக இருந்தால் போதும்.

இந்தப் போகம் நடவு முடிவதற்குள் இங்கே பத்து உழவர்கள் தங்கள் கழனியில் குழாயைப் புதைத்து, நீர் இறங்கிய நாள்களையும் பாய்ச்சிய நாள்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அறுப்பு முடிந்து அரிசி ஆலைக்காரரோடு விலை பேச உட்காரும்போது அந்த நோட்டு மேசைமேல் இருக்கும். எழுதும் முறையைச் சொல்லித்தர நான் வருகிறேன். மாணவர்களில் யார் யார் கூட வருவீர்கள் என்று ஆசிரியர்களிடம் பெயர் கொடுங்கள்.